கண்ணாடிச் சாளரமும் காகிதக் குறிப்பும்

கணினித் திரையில் திறக்கிற சாளரம் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சமாவது காட்டிக்கொண்டு கண்ணாடிபோல மினுங்க வேண்டும் என்பது இன்றைக்கு ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 2025 ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் 'லிக்விட் கிளாஸ்' என்ற பெயரில் தன் கைப்பேசிக்கும் மேசைக் கணினிக்கும் கைக்கடிகாரத்துக்கும் ஒரேவிதமான கண்ணாடி வேஷத்தை அறிவித்ததும், செப்டம்பரில் அது ஜனங்களின் கைக்கு வந்ததும், எழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்ற முறையீடு பல திசைகளிலிருந்தும் எழுந்ததும், நவம்பரில் அந்த நிறுவனமே கண்ணாடிக்குச் சற்றுச் சாயம் ஏற்றிக்கொள்ளும் வசதியைத் தர நேர்ந்ததும் அண்மையில் நடந்த விஷயங்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டாக இந்தத் துறையில் இதே நாடகம் திரும்பத் திரும்ப அரங்கேறி வருகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணாடி ஆரவாரத்தோடு வந்து, அரைகுறையாகப் பின்வாங்கி, வேறொரு பெயரைச் சூட்டிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கிறது.

கண்ணாடிச் சாளரமே கூடாது என்பது என் கட்சியன்று. வேலை செய்கிறவன் தன் சௌகரியத்துக்காக, தான் விரும்பிய ஒரு சாளரத்தை, தான் விரும்பிய அளவுக்கு, தான் விரும்பிய நேரத்துக்கு மட்டும் ஊடுருவிப் பார்க்கும்படி ஆக்கிக்கொள்வது ஒரு கருவியின் உபயோகம். விற்கிறவன் தன் சரக்கு புதியது என்று காட்டுவதற்காகத் திரையிலுள்ள சாளரங்கள் அனைத்தையும் தானே கண்ணாடியாக்கிக் கொடுப்பது அலங்காரம். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, முன்னதன் புகழைப் பின்னதற்குக் கொடுத்துவிட்டதுதான் இதில் நேர்ந்திருக்கிற குழப்பம் என்று நான் நினைக்கிறேன்.

சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கியதிலிருந்தே இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும். கலிபோர்னியா மாகாணத்தில் பாலோ ஆல்டோ என்ற ஊரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 1973-இல் உருவான ஆல்டோ என்ற கணினியை வைத்துக்கொண்டு, ஆலன் கே முதலானோர் திரையை ஒரு மேசையாகவும் சாளரங்களை அதன்மேல் கிடக்கும் காகிதங்களாகவும் பாவித்து, ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தின்மேல் படிந்து கிடக்கலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். சிறிய திரையில் நிறைய விஷயங்களை வைத்துக்கொள்வதற்கு இது சிறந்த உபாயம் என்றாலும், மேலே கிடப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும் என்ற தோஷம் அதனோடு கூடவே பிறந்தது. அதே நிலையத்தின் சந்ததியான ஸ்டார் என்ற கணினி 1981-இல் விற்பனைக்கு வந்தபோது, சாளரங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படியாகவே அமைக்கப்பட்டிருந்தது. மைக்ரோசாப்ட்டின் முதல் விண்டோஸும் 1985 நவம்பரில் அவ்விதமே தரையில் ஓடு பதித்தாற்போல வந்தது. 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அங்கே சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற அனுமதி பெற்றன. அன்றுமுதல் இன்றுவரை, மறைந்துபோன சாளரத்தைத் தேடி எடுப்பதென்பது கணினியில் வேலை செய்கிற எல்லோருக்கும் நித்திய கர்மாவாக இருந்துவருகிறது. மறைக்கிற காகிதத்தையே கண்ணாடியாக்கிவிட்டால் தேடவேண்டிய சிரமமே இராதல்லவா என்ற எண்ணம் புத்திசாலிகளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

குறிப்புத்தாள் விஷயத்தில் அந்த ஆசை இன்னும் நியாயமானது. ஒட்டினால் ஒட்டிக்கொண்டு, எடுத்தால் கிழியாமல் வந்துவிடுகிற மஞ்சள் தாளை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1980-இல் நாடு முழுவதும் விற்கத் தொடங்கியது. அதற்கு வேண்டிய பசையை ஸ்பென்சர் சில்வர் என்ற ரசாயன விஞ்ஞானி 1968-இலேயே கண்டுபிடித்துவிட்டு, இவ்வளவு பலவீனமான பசையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார் என்பது பலரும் அறிந்த கதை. அந்தத் தாள் 1994-இல் 'ஸ்டிக்கீஸ்' என்ற பெயரோடு மெக்கின்டாஷ் திரைக்குள் குடிபுகுந்தது. காகிதக் குறிப்பைத் திரையின் விளிம்பில், சட்டத்தின்மேல் ஒட்டிவைக்கலாம். அது எதையும் மறைக்காது. திரைக்குள்ளே வந்துவிட்ட குறிப்போ, எங்கே வைத்தாலும் ஏதேனும் ஒன்றை மறைத்தே தீரும். மறைக்காதபடி பின்னால் தள்ளினால் தானே மறைந்துபோய், ஞாபகமூட்டவேண்டிய அதையே நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படியாகும். ஆகவேதான் ஸ்டிக்கீஸ் நிரலில், குறிப்பை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கவிடும் வசதியும், அதை ஊடுருவிப் பார்க்கும்படி ஆக்குகிற வசதியும் பக்கத்தில் பக்கத்தில் இடம்பெற்றிருக்கின்றன. மிதக்கவேண்டும், ஆனால் மறைக்கக்கூடாது என்ற இரண்டு விருப்பங்களின் சமரசம் அது. குறிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, எழுதினவர் இஷ்டப்படி அதை அமைத்துக்கொள்ளலாம் என்பதனால், இதில் நான் குறை காணமாட்டேன்.

ஆனால் இந்தச் சமரசத்துக்கு எழுத்து கொடுக்கிற விலை என்ன என்பதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஒரு சித்திரத்தின்மேல் இன்னொரு சித்திரத்தைப் படியவைப்பதற்கு, நிறத்தைச் சொல்லும் எண்களோடு, எவ்வளவு தூரம் மறைக்கவேண்டும் என்பதைச் சொல்கிற ஓர் எண்ணையும் கூடவே சேர்த்துவைக்கும் யுக்தியை, 1977-ஆம் ஆண்டுவாக்கில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் உருவாக்கி, அதற்கு 'ஆல்பா' என்று பெயரிட்டார்கள். அதன் கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் சாஸ்திரமாக வகுத்துக்கொடுத்தார்கள். இன்று கைப்பேசியிலும் சினிமாவிலும் நாம் காண்கிற கண்ணாடி வித்தைகள் அனைத்துக்கும் மூலம் அதுதான். கணக்கு ஒன்றும் கடினமானதன்று. முன்னால் இருப்பதன் பங்கையும் பின்னால் இருப்பதன் பங்கையும் குறித்த விகிதத்தில் கூட்டினால், கண்ணுக்குத் தெரியவேண்டிய நிறம் கிடைத்துவிடும்.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக இருக்கும் ஒரு குறிப்பை, அதேபோல வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக இருக்கும் ஒரு கட்டுரையின்மேல், பாதிக்குப் பாதி ஊடுருவலோடு வைப்பதாகக் கொள்வோம். திரையின் மொழியில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. குறிப்பின் எழுத்து கட்டுரையின் வெற்றிடத்தின்மேல் விழுகிற இடத்தில் 0-இல் பாதியும் 255-இல் பாதியும் சேர்ந்து ஏறத்தாழ 128 என்ற சாம்பல் நிறம் உண்டாகிறது. குறிப்பின் வெற்றிடம் கட்டுரையின் எழுத்தின்மேல் விழுகிற இடத்தில் 255-இல் பாதியும் 0-இல் பாதியும் சேர்ந்து, அங்கேயும் அதே 128. முன்னால் இருக்கும் எழுத்தும் பின்னால் இருக்கும் எழுத்தும் அணுவளவும் பேதமில்லாத ஒரே சாம்பலாகிவிடுகின்றன. எது மேலே, எது கீழே என்று சொல்ல வேறு அடையாளம் இல்லாதவரையில் பிரம்மதேவனாலும் முடியாது. இரண்டு எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்திலோ முழுக் கறுப்பாக, எந்த வாக்கியத்துக்கும் சொந்தமில்லாத மூன்றாவது உருவம் ஒன்று கிளம்புகிறது. வெள்ளைமேல் கறுப்புக்கு இருக்கவேண்டிய 21-க்கு 1 என்ற வேறுபாடு, அந்தச் சாம்பல் எழுத்துக்கு ஏறத்தாழ 4-க்கு 1 என்று சரிந்துபோகிறது. சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5-க்கு 1 வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்காக 2008-இல் வகுக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டு நெறி.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. சாளரம் முழுவதையும் கண்ணாடியாக்குவதற்குப் பதிலாக, தாளை மாத்திரம் கண்ணாடியாக்கி, எழுத்தை முழுக் கறுப்பாகவே விட்டுவிடலாம். அப்போது முன்னெழுத்து 0 ஆகவும், பின்னெழுத்தின் நிழல் 128 ஆகவும், வெற்றிடம் 255 ஆகவும் மூன்று படிகளாகப் பிரிந்து, கண்ணுக்கு வழி கிடைத்துவிடுகிறது. நிரல் எழுதுகிறவர்கள் உபயோகிக்கிற டெர்மினல் சாளரங்களில் பெரும்பாலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாறாக, 2000-ஆம் ஆண்டு விண்டோஸில் சாளரங்களுக்கு ஊடுருவும் தன்மை கொடுக்க மைக்ரோசாப்ட் திறந்துவிட்ட எளிய வழி, தாள், எழுத்து, விளிம்பு என்ற வித்தியாசம் பாராமல் சாளரம் அனைத்தையும் ஒரே விகிதத்தில் மங்கவைப்பது. வெளியார் எழுதித் தந்த குறிப்பு நிரல்கள் பலவும் அந்தச் சுலபமான வழியிலேயே போயின. கண்ணாடிக் குறிப்பைப் பரீட்சை செய்துபார்த்து அலுத்துப்போய்க் கைவிட்டவர்களில் பலர் கைவிட்டது இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கவேண்டும்.

நம்முடைய எழுத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தமிழில் மெய்யெழுத்தின் உயிர்நாடி தலைமேல் இருக்கும் ஒரு புள்ளி. கெகரத்துக்கும் கேகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் கொம்பிலே இருக்கும் ஒரு சுழி. பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற வேறொரு வரியின் கோடோ, சுவர்ச்சித்திரத்திலுள்ள ஓர் இலையின் நுனியோ அந்தப் புள்ளியின்மேல் விழுந்துவிட்டால், 'கல்' என்பது 'கல' என்றாகிறது. ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழுந்துவிடும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டதையும், அதனால் ஏட்டைப் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். அச்சு வந்து புள்ளியை நிலைநாட்டியபிறகு, கண்ணாடி வந்து அதைக் கரைப்பது வேண்டாத சேவை. தமிழில் குறிப்பு எழுதி வைக்கிறவர்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே தாளைத் தடிப்பாக வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எழுத்துத் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் கருத்துக்குத் தெரிவதில்லை. 1975-இல் கார்னெல் பல்கலைக்கழகத்து உல்ரிக் நைஸர், ராபர்ட் பெக்லன் ஆகிய இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், சிலர் பந்து விளையாடுகிற படத்தையும் இருவர் கை தட்டி விளையாடுகிற படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, இரண்டும் ஒருங்கே ஊடுருவித் தெரியும்படி காட்டினார்கள். ஒன்றை மட்டும் தொடர்ந்து கவனிக்கும்படி சொல்லப்பட்டவர்கள் அதை வெகு சுலபமாகக் கவனித்தார்கள். ஆனால், மற்றொன்றிலே நடந்த விசித்திரமான சம்பவங்கள் பெரும்பாலும் அவர்கள் பிரக்ஞைக்கே எட்டவில்லை. இரண்டையும் சேர்த்துக் கவனிக்க முயன்றவர்கள் இரண்டிலும் திண்டாடினார்கள். ஹார்வர்டில் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டபர் ஷப்ரியும் செய்து 1999-இல் வெளியிட்ட கொரில்லா ஆராய்ச்சியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்: பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், நடுவே கொரில்லா வேஷம் பூண்டு வந்து மார்பில் அடித்துக்கொண்டு போன ஆளையே காணவில்லை. அந்த ஆராய்ச்சியில் இரண்டு விதமான படங்கள் இருந்தன என்பதும், எல்லோரும் ஒரே காட்சியில் உண்மையாகவே நடமாடின படத்தைவிட, தனித்தனியே எடுத்துக் கண்ணாடிபோல ஒன்றன்மேல் ஒன்று படியவைத்த படத்தில்தான் வேஷம் பூண்ட ஆளைக் கண்டவர்கள் குறைவு என்பதும் பலர் கவனிக்காத விவரம். விமானியின் கண்முன்னே கண்ணாடிப் பலகையொன்றில் உயரத்தையும் வேகத்தையும் ஒளியால் எழுதிக்காட்டுகிற சாதனத்தை 1980-இல் அமெரிக்க விண்வெளித் துறையின் ஏம்ஸ் நிலையத்தில், நிஜ விமானத்தில் அல்லாமல் பயிற்சிக் கூண்டில், அனுபவசாலிகளான விமானிகளைக் கொண்டு சோதித்தார்கள். கண்ணாடியில் எழுதியிருந்ததை அவர்கள் செவ்வனே படித்தார்கள். அந்தக் கண்ணாடிக்கு நேர் பின்னால், இறங்கவேண்டிய ஓடுபாதையில் குறுக்கே நின்ற வேறொரு விமானத்தைச் சிலர் பார்க்கவேயில்லை.

கண்ணாடிச் சாளரத்தைப் போற்றுகிறவர்கள், ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம் என்பதை அதன் மகிமையாகச் சொல்கிறார்கள். மேலே சொன்ன ஆராய்ச்சிகள் அதை மறுக்கின்றன. பார்வைக் கிரணம் கண்ணாடியைக் கடந்து போகிறது. மனம் கண்ணாடியின் இந்தப் பக்கத்திலோ அந்தப் பக்கத்திலோ ஓரிடத்தில்தான் நிற்கிறது. முன்னால் எழுதுகிறபோது பின்னால் ஓடுகிற காணொளியை 'ஒரு கண்ணால்' பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறவர், மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கிறாரே தவிர வேறில்லை. தாவுவதற்குத்தான் சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்ற பழைய வழி இருக்கிறது. திரைகள் அகன்றுவிட்ட இந்தக் காலத்தில் அது முன்னைவிடச் சௌகரியமானதும்கூட.

அப்படியானால் கண்ணாடிக்கு இடமே இல்லையா என்று கேட்டால், அழகான இடங்கள் சில உண்டு என்று சொல்வேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் நம் முகத்தையே பார்த்துப் பேசுவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், காமிராவுக்கு முன்னால் சாய்த்துவைத்திருக்கிற ஒரு கண்ணாடியில் அவருக்கு வேண்டிய வரிகள் பிரதிபலிப்பதுதான். அந்தப் பக்கத்திலிருந்து காமிரா கண்ணாடியை ஊடுருவி அவர் முகத்தைப் பார்க்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து அவர் வரிகளைப் பார்க்கிறார், இருவரில் எவரும் இரண்டையும் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. காணொளிக் கூட்டத்தில் பேசவேண்டியவர், தன் குறிப்பைத் தாள் மட்டும் ஊடுருவும்படி செய்து, காமிராவுக்குக் கீழே, எதிராளியின் முகத்தின்மேலேயே மெல்லப் படியவைத்துக்கொள்வது இந்த வகையைச் சேர்ந்தது. முகத்தை அவர் படிக்கவேண்டியதில்லை. அது அங்கே இருக்கிறது, தலையை ஆட்டுகிறது என்று தெரிந்தால் போதும். ஒரு பழைய வரைபடத்தின்மேல் புதியதை வைத்து ஒத்துப்பார்ப்பது, அச்சுப் பக்கத்தின் படத்தின்மேல் தட்டெழுத்துப் பிரதியை வைத்து வரி வரியாகச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளில் கண்ணாடி இன்றியமையாதது. ஏனெனில் அங்கே இரண்டு விஷயங்கள் இல்லை, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் என்ற ஒரே விஷயம்தான் இருக்கிறது. பின்னால் ஒரு நீண்ட காரியம் நடந்துகொண்டிருக்க, அது முடிந்ததா, நிற்கிறதா என்று நிழலாகத் தெரிந்தால் போதும் என்கிற சந்தர்ப்பமும் உண்டு. விண்டோஸ் 7-இல், திரையின் கீழ்மூலையில் சுட்டியைக் கொண்டுபோய் வைத்த கணத்தில் சாளரங்கள் எல்லாம் வெறும் விளிம்புகளாகி மேசை தெரிவதும், சுட்டியை எடுத்ததும் பழையபடி திடமாவதும் எனக்கு மிகவும் பிடித்தமான ஏற்பாடு. வேண்டும்போது வந்து, வேண்டாதபோது போய்விடுகிற கண்ணாடி அது.

ஆராய்ச்சியாளர்கள் கனவு கண்டதும் இவ்வகைக் கண்ணாடியைத்தான். 1993-இல் ஜெராக்ஸ் நிலையத்தைச் சேர்ந்த எரிக் பியரும், பில் பக்ஸ்டன் முதலிய அவர் சகாக்களும், சித்திரத்தின்மேல் நகர்த்திப்போகக்கூடிய ஊடுருவும் கருவித்தட்டு ஒன்றையும், எதன்மேல் வைக்கிறோமோ அதன் உள்விவரத்தைக் காட்டுகிற மாயக் கண்ணாடி ஒன்றையும் செய்துகாட்டினார்கள். 1995-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பெவர்லி ஹாரிசனும் அவரோடு சேர்ந்தவர்களும், எவ்வளவு ஊடுருவினால் ஒன்று மற்றொன்றைக் குலைக்கத் தொடங்குகிறது என்பதை, நிறத்தின் பெயரையும் நிறத்தையும் முரண்படவைத்துச் சோதிக்கிற ஸ்ட்ரூப் பரீட்சையைக் கொண்டு பொறுமையாக அளந்தார்கள். மறு வருஷமே, எழுத்தைச் சுற்றி அதற்கு எதிரான நிறத்தில் மெல்லிய வரம்பு கட்டினால் எந்தப் பின்னணியிலும் அது தப்பிப் பிழைக்கும் என்ற உபாயத்தையும் சோதித்து எழுதினார்கள். வேலை என்ன, அதற்கு எவ்வளவு ஊடுருவல் தாங்கும் என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது.

வியாபாரம் எடுத்துக்கொண்டது கண்ணாடியை மட்டும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை. 2000 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்தி மறு வருஷம் விற்பனைக்கு வந்த மெக் இயங்குதளத்தில், பட்டியல்களெல்லாம் பின்னணியைக் காட்டிக்கொண்டு இறங்கின. 2007-இல் விண்டோஸ் விஸ்டா, சாளரத்தின் தலைப்பட்டைக்கும் விளிம்புக்கும் 'ஏரோ' என்ற கண்ணாடியைப் பூட்டியது. அதைக் காண்பதற்குத் தகுதியான கணினி என்று சொல்லிக்கொள்ள 128 மெகாபைட் கிராபிக்ஸ் நினைவகம் வேண்டியிருந்தது. 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்ற முத்திரையை நம்பி வாங்கின கணினியில் அந்தக் கண்ணாடி தெரியவில்லை என்று அமெரிக்காவில் அந்த வருஷமே வழக்குத் தொடுத்தார்கள். 2009-இல் அது கூட்டு வழக்கு என்ற அந்தஸ்தை இழந்தது என்றாலும், சாளரத்தின் விளிம்பு ஊடுருவித் தெரியவில்லை என்பதற்காக மனிதர்கள் நீதிமன்றத்தின் படியேறிய விநோதம் சரித்திரத்தில் பதிவாகிவிட்டது. அதே 2007 அக்டோபரில் ஆப்பிள் தன் திரையின் உச்சியிலுள்ள பட்டியல் வரியைக் கண்ணாடியாக்கி, பின்னாலிருக்கும் சுவர்ச்சித்திரத்தோடு சொற்கள் கலந்துபோகின்றன என்ற கண்டனத்துக்கு ஆளாகி, நாலு மாதத்தில் அதை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தானைத் தந்தது. 2012-இல் விண்டோஸ் 8 கண்ணாடியைக் கழற்றி வைத்தது. 2013-இல் ஐபோன் அதை எடுத்து மாட்டிக்கொண்டது. பிறகு விண்டோஸும் பழையபடி வந்து சேர்ந்துகொண்டது.

இவ்வளவிலும் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது ஒன்று உண்டு. பின்னாலிருக்கும் எழுத்து முன்னாலிருக்கும் எழுத்தைக் கெடுக்கிறது என்று கண்ட இந்த நிறுவனங்கள், பின்னாலிருப்பதைக் கலைத்து மங்கலாக்கிவிட்டு, அந்த மங்கலின்மேல் தங்கள் எழுத்தை எழுதுகின்றன. குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற சொரசொரப்புக் கண்ணாடி அது; அங்கே அதன் உத்தேசமே பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியக்கூடாது என்பது. பின்னால் இருப்பதைக் காட்டுவதற்காக ஏற்பட்ட ஒரு யுக்தியை, பின்னால் இருப்பது தெரியாதபடி மறுபடியும் செலவு செய்து மறைத்து, அந்த மறைப்புக்காக ஒவ்வொரு கணமும் யந்திரத்தை உழைக்கவைத்து மின்சாரத்தைக் கரைப்பதில் யாருக்கு என்ன அனுகூலம் என்று எனக்கு விளங்கவில்லை. மடிக்கணினியில் மின்சாரம் குறைந்து சிக்கன நிலைக்குப் போனதும் விண்டோஸ் முதலில் துறக்கிற ஆடம்பரங்களில் இந்தக் கண்ணாடியும் ஒன்று என்பதிலிருந்தே, அதைச் செய்தவர்கள் அதற்குக் கொடுக்கிற உண்மையான மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம்.

அழகு என்று ஒன்று இல்லையா, நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கிற திரை கண்ணுக்கு இனிமையாக இருக்கவேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கவேண்டியதுதான். வீட்டில் கோலம் போடுவதற்கு யாரும் பிரயோஜனம் கேட்பதில்லை. ஆனால் கோலத்தை வாசலில் போடுகிறோம், கணக்குப் புத்தகத்தின்மேல் போடுவதில்லை. படிக்கவேண்டிய எழுத்து இல்லாத இடங்களாகத் திரையில் எத்தனையோ உண்டு: கடிகாரத்தின் பின்புலம், பாட்டுப் போடுகிற சாளரம், கீழ்ப்பட்டையின் காலியிடம். அங்கே கண்ணாடி மினுங்கட்டும். கடிதத்தின் மேலும், அறிவிப்பின் மேலும், மருந்து வேளையை எழுதிவைத்த குறிப்பின் மேலும் அது வந்து படியவேண்டாம் என்றே நான் சொல்கிறேன்.

பரிகாரம் கண்டுபிடிக்கப்பட வேண்டியதும் அன்று, ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸ் கணினிகளில் கேடீஈ என்ற மேசைச் சூழலை உபயோகிப்பவர்கள், சாளரத்தின் தலைப்பட்டைமேல் சுட்டியை வைத்துச் சக்கரத்தை உருட்டினால் அந்தச் சாளரம் மட்டும் மங்கவோ திடமாகவோ ஆகும்படி அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் டெர்மினலில் கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் அதே காரியம் நடக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட இந்தச் சௌகரியத்தை, குறிப்பு எழுதுகிற குமாஸ்தாவுக்கும் மாணவனுக்கும் எல்லாச் சாளரங்களிலும் ஏன் கொடுக்கக்கூடாது என்று கேட்கிறேன். கொடுத்தால், எந்தத் தாள் கண்ணாடியாக வேண்டும், எது காகிதமாகவே இருக்கவேண்டும் என்பதை அவரவர் வேலையே தீர்மானித்துக்கொள்ளும்.

இன்றுள்ள நிலைமையோ தலைகீழாக இருக்கிறது. சாளரம் சாளரமாகத் தீர்மானிக்கும் உரிமை சாதாரண உபயோகஸ்தர் கைக்கு எட்டாமல் இருக்கிறது. மொத்தமாகக் கண்ணாடியை அணைக்கிற ஒரே விசையோ, ஆப்பிளின் யந்திரங்களில் பார்வைக் குறை முதலிய உடற்குறை உள்ளவர்களுக்கான அணுகல்தன்மைப் பிரிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிரிவு இருப்பது மிகவும் நல்லது. அது தேவைப்படுகிறவர்களுக்கு அதனால் பெரிய உபகாரம். ஆனால் கண் நன்றாக இருக்கிறவனும் எழுத்தைத் தெளிவாகப் படிக்க ஆசைப்பட்டால் அங்கே போய்த்தான் கேட்கவேண்டும் என்பது, தெளிவான எழுத்தை விதிவிலக்காகவும் மங்கலான எழுத்தை விதியாகவும் ஸ்தாபித்துவிட்டதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 11-இல் அது 'நிறங்கள்' என்ற தலைப்பின்கீழும் அகப்படுகிறது என்பதனால் அங்கே தேடுகிற சிரமம் சற்றுக் குறைவு. ஐபோனில் அமைப்புகளைத் திறந்து, அணுகல்தன்மைக்குள் நுழைந்து, திரையும் எழுத்தளவும் என்ற பகுதிக்குப் போனால், ஊடுருவலைக் குறைக்கும் விசை அங்கே இருக்கிறது. மெக் கணினியில் அதே அணுகல்தன்மைக்குள் திரை என்ற பகுதியில் இருக்கிறது.